பந்தயச் சலங்கை

பல்லடம் சர்ச் வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சென்னிமலையின் ரேக்ளா பந்தயக் காளைகள் இரண்டும் இன்றைக்குப் பனிமான்கள். கொம்புகளில் தெர்மாக்கோல் கிளைகள் ஆடுகின்றன. பஞ்சு ஒட்டிய வண்டியில் எபனேசர் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு பாட்டுக்குழுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். டீ குடித்துவிட்டு வந்த சென்னிமலை வண்டியை நோக்கி ஓடுகிறார். காளைகளின் கழுத்தில் சலங்கை.

“பனிமானுக்கு மணி இல்லாம எப்படிங்க? நாந்தான் உங்க பையிலிருந்து எடுத்துக் கட்டுனேன்” என்று எபனேசர் தாடிக்குள் சிரிக்கிறார். பந்தயத்தன்று மட்டும் கட்டும் சலங்கை அது. அது கழுத்தில் ஏறிவிட்டால் இவை ஒரு சத்தத்துக்காகத்தான் காத்திருக்கும், கேட்டதும் பாய்ச்சல். காதுகள் விறைத்துவிட்டன. தொடைத்தோல் துடிக்கிறது. குளம்பு தார்ச்சாலையைக் கீறுகிறது. சென்னிமலை மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்து, “ஓரமாப் போங்க சாமி, சத்தம் போடாதீங்க” என்கிறார். முன்வரிசைச் சிறுமி நகரவில்லை.

“ஏனுங்க, பனிமான் வண்டியோட வானத்துல பறக்குமாமா. இதும் பறக்குங்களா?”

“பறக்கும் கண்ணு. அதுக்குத்தான் போகச் சொல்றேன்.”

பிள்ளைகள் மெல்ல விலகத் தொடங்குகிறார்கள். அவர் விரல்கள் முடிச்சைத் தேடுகின்றன. முதல் சலங்கை சத்தமில்லாமல் துண்டுக்குள் இறங்குகிறது. இரண்டாவது முடிச்சு இளகுகிறது. வண்டிமேல் எபனேசர், வருடாவருடம் ஊர்வலம் தொடங்கும்போது செய்வதுபோல, தன் பித்தளைக் கைமணியைத் தலைக்குமேல் உயர்த்துகிறார்.