எல்லா வகை ஆராங்கும் கிடைக்கும்

சுரபாயாவில் அடுப்புக்கரிக்கும், டிரில் மெஷினுக்குள் தேயும் கார்பன் துண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஆராங். "எல்லா வகை ஆராங்கும் கிடைக்கும்" என்ற பலகையை நம்பி, குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி சுட்டு விற்கும் மர்ஸுகி மெஷின் சாமான் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்து ஆராங் கேட்கிறார். தெருமுனையில் அவருடைய தணல் அணைந்துகொண்டிருக்கிறது. எட்டுப் பேர் தட்டோடு நிற்கிறார்கள். மாலை வெயில் டிரில் பிட்டுகளின்மேல் மினுங்குகிறது. கடைக்காரி சுலாஸ்த்ரி கிரீஸ் கையைத் துடைத்தபடி கேட்கிறாள்: "பழசு கொண்டாந்தீங்களாண்ணே? அளவு பாக்கணும்." "பழசா? அது சாம்பலாப் போச்சுக்கா." "ஐயையோ, சாம்பலாகுற வரைக்குமா ஓட்டுவாங்க! புகை வந்திருக்குமே?" "புகை வந்தாத்தானேக்கா ஜனம் வரும்!" அவள் அவரைப் பரிதாபமாகப் பார்க்கிறாள். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?" "சாயங்காலம் ஆரம்பிச்சா ஆறு மணி நேரம்." "அப்ப ஒசத்தி சரக்காவே போடுங்கண்ணே."

இழுப்பறையைத் துழாவி, சுண்டுவிரல் நகமளவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு கறுப்புத் துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். "ஜப்பான் சரக்கு. ஒரு வருஷம் நிக்கும்."

மர்ஸுகி முகர்ந்து பார்க்கிறார். அந்த எட்டுப் பேரை நினைத்துக்கொள்கிறார். ஸ்பிரிங்கை ஒருமுறை அமுக்கிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்கிறார்: "இதுக்கு மண்ணெண்ணெய் ஊத்தணுமாக்கா, இல்ல விசிறினாலே பத்திக்குமா?"