போகாத படம்

"மொஹ்சினு, நாம மொதமொதல்ல எழுதன ஐஸ் பேக்டரி பில்லிங் புரோகிராமைத் தொறந்தா, நாம ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல குந்திகினு கீற போட்டோ வருதுப்பா. போல்டர்ல அழிச்சிட்டேன், இன்னமும் வருது. ஒரே பேஜாரா கீது."

கம்பெனியை உடைத்துக்கொண்டு பிரிந்தபின் திருமலை போன் செய்தது இதுதான் முதல் முறை.

"வெளில அழிச்சா போவாது. ஜாவா புரோகிராமைக் கட்டும்போதே படத்தையும் ஜார் ஃபைலுக்குள்ள வெச்சுக் கட்டிடுவோமே, மறந்துட்டியா? வந்து எடுத்து வுடறேன்" என்றான் மொஹ்சின்.

ராயபுரத்தில் இருவரும் கம்பெனி நடத்திய அதே மாடி அறை. மொஹ்சினின் நாற்காலி கூட அதே ஜன்னலோரம் கிடந்தது. புரோகிராமைத் திறந்தான். காசிமேட்டு வெயிலில் இருவரும் ஈயென்று சிரித்தார்கள். ஜார் ஃபைலைப் பிரித்து உள்ளே படத்தின் தேதியைப் பார்த்தான். நேற்றுதான் திருமலை படத்தை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறான்.

திருமலையேதான் திரும்ப வைத்திருப்பான் என்று மொஹ்சினுக்குப் போனில் கேட்டபோதே தெரியும். சண்டை போட்டுப் பிரிந்த அன்றே ஜாருக்குள்ளிருந்து அந்தப் படத்தைத் தன் கையாலேயே எடுத்துவிட்டுத்தான் படியிறங்கியிருந்தான்.

திருமலை டீயை நீட்டினான். "இன்னாப்பா, போச்சா?"

"இல்ல மாமு. நாளைக்கும் வரணும் போல கீது."