முழங்காலளவு வெளிச்சம்

புதுப்பித்துத் திறந்த முத்தியால்பேட்டைப் பூங்காவில் இது முதல் ஞாயிறு. காது கேளாதவர்கள் வாராவாரம் கூடி நின்று கைகளால் பேசிக்கொள்ளும் இடத்திலிருந்த உயரமான விளக்குக் கம்பத்தைக் காணோம். அதே இடத்தில் நண்பர்களுக்கு நடுவே நின்று, மனைவி ஹாஜிரா இறந்துபோன கதையைத் தாஜுதீன் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இந்தப் பேச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பூங்காவும் மூடிக் கிடந்ததால் இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் வெற்றிச்செல்வனுக்காக இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்ட அமுதவல்லியும் கூட்டத்தில் நிற்கிறாள். அங்கே காது கேட்பது அவளுக்கு மட்டும்தான். பொழுது சாய்கிறது. செடிகளுக்கிடையே முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. எல்லோருடைய செருப்பும் தெரிகிறது, கைகள் தெரியவில்லை. "சூப்பரா பண்ணியிருக்காங்கல்ல? கண்ணே கூசல," என்று பேசியபடி யாரோ நடந்துபோகிறார்கள். இருட்டுக்குள் தாஜுதீனின் உள்ளங்கைகள் உரசும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அமுதவல்லி செல்போன் டார்ச்சை அவர் கைகள்மேல் அடிக்கிறாள். "அக்கா, டார்ச்ச அணைங்க. வாக்கிங் வர்றவங்க திட்றாங்க," என்கிறார் காவலாளி. "அவரு பேசி முடிச்சிரட்டும்ண்ணா." எதுவரை பார்த்தீர்கள் என்று தாஜுதீன் கேட்கிறார். அவள் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்புகிறாள். கதையில் ஆளுக்கு ஓரிடத்தைக் கைகளால் சொல்கிறார்கள். வெளிச்சம் மறுபடி தாஜுதீனின் கைகளுக்கு வருகிறது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறார்: காலையில், சிரித்துக்கொண்டே, ஹாஜிரா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறுகிறாள்.