அக்கறை உள்ள ஒருவர்

“பூனை எனக்கு. நீ காபிப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!”

பெய்ரூட்டின் அந்தச் சின்னப் பரிசோதனை நிலையத்தில், ரத்தம் கொடுத்த விரலைப் பஞ்சால் அழுத்தியபடியே மர்வான் சொத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் ஃபிராஸ். ஐந்து வருடமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கட்டில். ஸஹ்லே ஊரில் இருக்கும் மர்வானின் அம்மாவுக்கு மட்டும் ஃபிராஸ் ‘வாடகையைப் பங்கு போடும் பையன்’.

“பூனைக்குப் பேர் வச்சதே நான்தான்” என்றான் ஃபிராஸ்.

“ஊர் மேயறவனுக்குப் பூனை எதுக்கு?”

“யாருடா ஊர் மேஞ்சது? மெசேஜ் முதல்ல உன் போனுக்குத்தானே வந்துச்சு!”

காலையில்தான் வந்திருந்தது. ‘உங்கள்மேல் அக்கறை உள்ள ஒருவர், நீங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறார்.’ தொற்று இருப்பவர், தன்னோடு உறவு வைத்திருந்தவர்களைத் தன் பெயர் சொல்லாமல் உஷார்ப்படுத்த நிலையம் செய்திருக்கும் ஏற்பாடு அது. மர்வான் அதைப் படித்துவிட்டு ஃபிராஸின் சட்டையைப் பிடிக்கப் போன நேரம், ஃபிராஸின் போனும் சிணுங்கியது. அதே வாசகம்.

“நீயும் அனுப்பல, நானும் அனுப்பல. அப்ப அந்த மூணாவது ஆள் யாரு? அந்த ஜிம்காரனா?” மர்வான் விடவில்லை.

“அவன் கண்ணாடியைத் தவிர யாரையும் பார்க்கமாட்டான்.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இருவர் பக்கத்தைத் திருப்பவே மறந்துபோனார்கள். ஃபிராஸ் இல்லாத வீட்டை மர்வானால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தான் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டான்.

நர்ஸ் ஜுமானா முடிவுச் சீட்டோடு வந்தாள். “ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். வீட்டுச் சண்டையை வீட்ல வச்சுக்கக் கூடாதா?”

“யார் அனுப்புனதுன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்!”

“என் தலையே போனாலும் சொல்லமாட்டேன்.”

இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆனால் அந்தச் சீட்டு உடம்புக்குத்தான் சான்று கொடுத்தது. நடத்தைக்குக் கொடுக்கவில்லையே! வாசலுக்கு வந்ததும் மர்வான் கடைசியாகக் கேட்டான். “உண்மையைச் சொல்லிடு. யார் அவன்?”

“சத்தியமா யாருமில்லடா!” ஃபிராஸின் கண் கலங்கிவிட்டது.

அப்போது மர்வானின் போன் அடித்தது. அம்மா.

“என்ன கண்ணு, டெஸ்ட்டுக்குப் போனீங்களா?”

மர்வான் ஃபிராஸைப் பார்த்தான். “எ... எந்த டெஸ்ட்டும்மா?”

“ஜோடியா இருக்கற ஆம்பளைங்க வருஷம் ஒருதரம் பாத்துக்கணும்னு டிவியில ஒரு டாக்டர் சொன்னாருப்பா. நான் நேர்ல சொன்னா நீ வெக்கப்படுவே. அந்த டெஸ்ட் நிலையத்துல நம்பரைக் குடுத்தா பேர் சொல்லாம அவங்களே மெசேஜ் அனுப்பிடறாங்களாம். உனக்கு மட்டும் அனுப்பினா நல்லாருக்குமா, அதான் என் மருமகனுக்கும் சேர்த்தே அனுப்பிட்டேன்!”