உப்பு கூடிய ரத்தம்

வாடிப்பட்டி நல்லகாமன் ஆஸ்பத்திரிக்கு வருவதே மாலை மரியாதை வாங்க வருவதுபோலத்தான் இருக்கும். மகன் ராம்கியை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் தமிழ்வாணியின் அறைக்குள் மீசையைத் தடவியபடி நுழைந்தார்.

“என்ன டாக்டரம்மா, இந்தத் தடவையும் நம்ம ரத்தம் பாஸ்தானே? இனியும் கறி திங்காதேம்பீகளா?”

தமிழ்வாணி சிரிக்கவில்லை.

“ரத்தத்துல உப்பு, அதான் கிரியாட்டினின், முதல்ல ஒண்ணு இருந்துச்சு, அடுத்து ஒண்ணு புள்ளி ஒண்ணு. அந்தத் துளி வித்தியாசம் ஒரே ஆளுக்குக் காலையிலயும் சாயங்காலமும் எடுத்தாலே வரும்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டு புள்ளி ஆறு. இது நிஜமான மாற்றம். கிட்னி கெட்டுக்கிட்டு வருதுங்கய்யா.”

“மிஷின் கோளாறா இருக்கும்மா.”

“அதே ரத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாச்சு, அதேதான் வருது. கால் வீங்குதா?”

“எனக்கா? நான் குத்துக்கல்லாட்டம்...” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார்.

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று காலையில் சொன்னவன் ராம்கி. “சோம்பேறிப்பயலே” என்று திட்டி, வெறுங்காலோடுதான் அவனைக் கூட்டிவந்திருந்தார்.

லேபிலிருந்து ரத்தம் எடுக்க வீட்டுக்கு ஆள் வந்தபோதெல்லாம், “என் ரத்தத்தைக் குடுத்தா கறியை நிப்பாட்டிருவாகடா, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தானே” என்று மகனின் கையைத்தான் நீட்டவைத்தார். வந்தவனும் முகத்தைப் பார்க்காமல் குத்திக்கொண்டு போனான்.

“சொல்லுங்கய்யா, வீங்குதா?”

கதவைத் திறந்து ராம்கி எட்டிப் பார்த்தான். கண்ணைச் சிமிட்டினான்.

“என்னப்பா, பாஸா?”