வேப்பிலை கட்டிய காம்பரா

“கைய நீட்டு.”

பிரியந்தி நீட்டினாள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய ஈரக் கைதான். ஆனால் நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மூன்றாம் தவணையின் முதல் நாள். பாடசாலைக் குழாயடியில் நின்று, டோரீன் டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் அம்மை பரவுகிறது. காய்ச்சல் இருந்தால் வரக்கூடாது, வீட்டில் யாருக்காவது அம்மை என்றாலும் வரக்கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“வீட்டுல யாருக்குப் புள்ள அம்மை?”

“யாருக்கும் இல்லங்க டீச்சர்.”

“அப்ப மஞ்சள் எதுக்கு?”

பிரியந்தி கையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். டீச்சருக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷமும் இப்படித்தான். ஒரு வீட்டில் மறைத்துப் பிள்ளையை அனுப்ப, புலமைப்பரிசில் பரீட்சை நேரத்தில் ஐந்தாம் தரத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். வருஷம் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. பிரியந்தி எழுதும் இந்த வருஷப் பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அதே தோட்டத்திலிருந்து வரும் கிருஷாந்தி டீச்சர் பக்கத்தில் வந்து காதைக் கடித்தார்.

“அக்கா, வெள்ளிக்கிழமையில இருந்து அவங்க வீட்டுக் காம்பரா வாசல்ல வேப்பிலை தொங்குது. தாய்க்காரி சுதர்ஷினி கொழுந்தெடுக்கவும் போறதில்ல. வெளியில தலையே காட்டுறதில்ல.”

“புருஷன்காரன்?”

“துஷாந்தா? அவரு அன்னைக்கே துணிமணியத் தூக்கிக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு.”

“பாத்தீங்களா. இந்தக் குளிருல வேப்பமரம் ஏது? ஹட்டன் டவுனுக்குப் போயி வாங்கியாந்து கட்டியிருக்காங்க. அதென்ன அழகுக்கா? இந்தப் புள்ள என்னமா வாய் கூசாமப் பொய் சொல்லுது பாருங்க.”

பிரியந்தியை வகுப்புக்குள் விடவில்லை. டோரீன் டீச்சர் அவளை நூலக அறையில் தனியாக உட்காரவைத்தார்.

“டீச்சர், மாதிரி வினாத்தாளாவது தாங்களேன். இங்கயே இருந்து செய்றேன்.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்குப் பாவம் பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் கதி என்னாவது? கேட்காத மாதிரி போய்விட்டார்.

பள்ளி விட்டதும் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறினார். இன்றைக்கு அந்தத் தாயை நாலு கேள்வி நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை. பிள்ளையைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, வேப்பிலையை விலக்கிக் கதவைத் தட்டினார்.

“சுதர்ஷினி, நான் டோரீன் டீச்சர். அம்மைய வீட்டுல வச்சுக்கிட்டுப் புள்ளய அனுப்பலாமா? மத்தவங்க பெத்தது புள்ளைங்க இல்லயா?”

கதவு கொஞ்சமாகத் திறந்தது. சுதர்ஷினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அவள் முகத்தில் ஒரு முத்து இல்லை. கையில் இல்லை, கழுத்தில் இல்லை. கன்னத்தில் மட்டும் அடிபட்ட தடம் ஒன்று கன்றிக் கிடந்தது.

“எங்கங்க அம்மை?” டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மெதுவா பேசுங்க டீச்சர். பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும். இந்த வீட்டுல யாருக்கும் அம்மை இல்லங்க.”

“பின்ன எதுக்கு இந்த வேஷம்?”

“அவரு கசிப்பக் குடிச்சிட்டு வந்தா விடிய விடிய ரகளைதான். புள்ள புத்தகத்தத் தூக்கி வெளிய எறிஞ்சிருவாரு. தடுத்தா எனக்கு அடி. யாரு சொல்லியும் கேக்கல. அம்மைக்கு மட்டுந்தான் பயம். குடிச்ச வாயோட ஆத்தா எறங்குன வீட்டு வாசல மிதிக்கமாட்டாரு. முதுகுல முத்து போட்டிருக்குன்னு ஒரு பொய் சொன்னேன். ஆள் அன்னைக்குப் போனவருதான். மத்தவங்களும் நம்பணுமில்லீங்களா, அதான் காலையில புள்ளய விட்டு வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன்.”

“அதுக்காக வேலைக்கும் போகாமயா?”

“அம்மை கண்டவ எப்படிங்க கொழுந்து மலைக்குப் போறது? கஞ்சியக் குடிச்சுச் சமாளிச்சுக்குவோம். புள்ள இப்பத்தான் நிம்மதியாப் படிக்குது. பரீட்சை வரைக்குந்தான் டீச்சர். லயத்துல யாருகிட்டயும் வாயத் தொறக்காத, டீச்சர்கிட்ட மட்டும் பொய் சொல்லாதன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.”

டோரீன் டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய்யே சொல்லாத பிள்ளையை நாள் முழுக்கத் திருடியைப் போல உட்காரவைத்திருக்கிறார்.

“நாளைக்கு அவ வகுப்புக்கு வரட்டும். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

லயத்து முனையில் துஷாந்த் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பூசணிக்கீற்று. வாசல்வரை வரப் பயந்து அங்கேயே காத்திருப்பது பார்த்தாலே தெரிந்தது.

“டீச்சர், உள்ள போயிட்டா வாறீங்க? முத்து எறங்கிருச்சுங்களா? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுன்னா நான் இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவேன்.”

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எறங்குறதா? முதுகு பூரா முத்து. என் கண்ணால பாத்துட்டு வாறேன் தம்பி. ஆத்தா பயங்கரக் கோவத்துல இருக்கா. பரீட்சை முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுத்துராதீங்க” என்றார், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் டோரீன் டீச்சர்.