பென்சிலால் வரைந்த குடும்பம்

மரபணுப் பிரிவு டாக்டர் எங்கள் குடும்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்தார்.

பெண்ணுக்கு வட்டம். ஆணுக்குச் சதுரம். புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு.

அக்காவின் வட்டம் மட்டும் கறுப்பானது.

"பாத்தியாடி, இதுலயும் நான்தான் பளிச்சுன்னு தெரியறேன்" என்று என் தொடையில் தட்டினாள் அக்கா. தலையில் கட்டியிருந்த துணி நழுவியது. சரிசெய்துகொண்டாள்.

அவளுக்கு மார்பில் வந்திருந்தது. முப்பத்தொரு வயதில்.

அவள் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். கோடிக்கணக்கான எழுத்துகள் போல ஓடும் மரபணுத் தொடரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் பன்னிரண்டு பக்க அறிக்கை கடைசிப் பக்கத்தில் கைவிரித்துவிட்டது. நோயைக் கொண்டுவந்தது அந்த மாற்றம்தானா, இல்லை அது பாட்டுக்குச் சும்மா இருப்பதா, இன்னும் யாருக்கும் தெரியாது.

தெரிந்தால், எனக்கும் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். நோய் வருமுன் ஏதாவது செய்யலாம். தெரியாதவரை என்னிடம் சொல்ல அவர்களுக்கு ஒன்றுமில்லை.

"இதே நோய் வந்த இன்னொருத்தர் ரத்தம் கிடைச்சா, ஓரளவுக்குச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். "அம்மாகிட்ட அந்த மாற்றம் இல்ல. அப்பா வழியாத்தான் வந்திருக்கணும். உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா சார்? உயிரோட இருக்கிறவங்க?"

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நகத்தைக் கடித்தேன்.

அப்பா எழுந்தார். அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"சும்மா இருங்க. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"அவ இருந்தாத்தானே கல்யாணம்?"

டாக்டரிடமிருந்து பென்சிலை வாங்கினார். எங்கள் இருவருக்கும் மேலே இருந்த சதுரத்தை, ஓரம் தாண்டாமல், மெதுவாகக் கறுப்பாக்கினார்.

"அப்பா, அது நீங்கப்பா" என்றாள் அக்கா, குழந்தைக்குச் சொல்வது போல. "இது பொம்பளைங்களுக்கு மார்புல வர்ற நோய்."

எந்த வெயிலுக்கும் வீட்டில் சட்டையைக் கழற்றாத அப்பா, மேல் பட்டனில் கை வைத்தார்.